ஆமானுக்குக் குரல் கொடுத்தவர்

இரண்டு விஷயங்களில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது சூப்பர்வைசரின் எண்ணம். ஒன்று குரல். இன்னொன்று தாழ்மை. குரல் விஷயத்தில் சபையே அவரோடு ஒத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அவர் எழுந்தால் மைக்குக்கு வேலையே இல்லை. கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். தாழ்மை விஷயத்தில் சாட்சி அவர் ஒருவர்தான். "நான் ரொம்பச் சாதாரண ஆளுங்க" என்று ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்வார். சொல்லிவிட்டு எதிராளியின் முகத்தையே பார்ப்பார். "ஐயையோ, நீங்களா சாதாரணம்?" என்று அந்த ஆள் பதற வேண்டும். பதறாவிட்டால் அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

அவருக்கு வேலை ஒரு தையல் கூடத்தில். ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் போடும் முதுகுப்பக்கம் முடிச்சு வைத்த அங்கி, எல்லாம் அங்கேதான் தைக்கிறார்கள். மாடியில் முப்பது பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள். கீழ்த்தளம் இவருடையது. அங்கே எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் காது கேட்காது.

மனிதனுடைய விதியைப் பாருங்கள். ஒரு மண்டபத்தையே கட்டிப்போடும் குரலைக் கொடுத்த கடவுள், அதைக் கேட்க முடியாத எட்டுப் பேருக்கு நடுவில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார். பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் ஒரு சைகைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. "நாலு சைகையாவது கத்துக்கலாமில்ல?" என்று மனைவி கேட்டதற்கு, "அவங்க என்னைப் புரிஞ்சுக்கறாங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டார்.

கீழ்த்தளத்தில் மணி அடித்துப் பயனில்லை என்பதால் விளக்குதான் மணி. வாசல் பக்கம் ஒரு சுவிட்ச். ஒரு தடவை அணைத்துப் போட்டால் சாப்பாட்டு நேரம். இரண்டு தடவை என்றால் ஆபத்து. நெருப்போ, யாருக்காவது அடிபட்டதோ. அப்போது எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலைப் பார்க்க வேண்டும். கூடம் ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு.

சூப்பர்வைசர் தினமும் காலையில் உள்ளே நுழைந்ததும் இரண்டு தடவை அணைத்துப் போடுவார்.

நெருப்பும் இல்லை, அடியும் இல்லை. ஐயா வந்திருக்கிறார், அவ்வளவுதான். ஏழு தலைகள் நிமிரும். ஏழு பேரும் தலையசைத்து வணக்கம் வைப்பார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு தலையசைப்பைத் தானம் செய்தபடி தன் மேஜைக்குப் போவார்.

எட்டாவது தலை நிமிராது. அது கட்டிங் மாஸ்டருடையது. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை சாக்பீஸ். நாற்பது அடுக்குத் துணியை ஒரே கோட்டில் வெட்டுகிற மின்சாரக் கத்தி அவர் கையில் இருக்கும். அது ஓடும்போது அவர் துணியைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். கீழ்த்தளத்தில் இதுவரை ஒரு விரிப்புகூட அளவு தப்பியதில்லை. அதற்கு அதுதான் காரணம் என்று சூப்பர்வைசருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஏழு வணக்கம் வாங்கிய மனுஷனுக்கு அந்த ஏழும் இனிக்கவில்லை. வராத ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

இப்படியே பொருமிக்கொண்டு காலம் ஓடியிருக்கும். மைத்துனன் வந்ததில்தான் வினை. மனைவியின் தம்பி, ஊர்ப்பட்ட கிண்டல்காரன், "உங்க ராஜாங்கத்தைப் பாக்கணும் மாமா" என்று ஒருநாள் கூடவே கிளம்பி வந்தான். மாமாவும் அழைத்துப்போய், வாசலில் நிறுத்தி, விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டார்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் மாமா. ஆனா அதோ, ஒருத்தர் உங்களைக் கண்டுக்கவே இல்லையே!"

மறுபடி இரண்டு தடவை. இந்தத் தடவை கட்டிங் மாஸ்டர் கத்தியை நிறுத்தினார். நிதானமாகக் கையைத் துடைத்தார். மேஜையில் கிடந்த கருநீலத் துணியை இழுத்து, பையிலிருந்த சாக்பீஸை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி, இருவருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். மைத்துனன் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல உரக்கப் படித்தான்.

"கத்தி ஓடும்போது விளக்கை அணைக்காதீர்கள். விரல் போய்விடும். ஆபத்து என்றால் மட்டும் இரண்டு தடவை."

படித்துவிட்டுச் சும்மா இருந்தானா? "மாமா, ஆள் சொல்றதுல நியாயம் இருக்குதே!" என்றான். சூப்பர்வைசரின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், வெளியூர் போயிருந்த முதலாளியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். கட்டிங் மாஸ்டர் ஒருவர் மேல் புகார் எழுதினால் சொந்தப் பகை என்று தோன்றிவிடும் அல்லவா? அதனால் எட்டுப் பேரையும் சேர்த்துக்கொண்டார். எவ்வளவு சுலபமாகச் சேர்த்துக்கொண்டார் தெரியுமா? 'இவர்' என்ற இடத்தில் எல்லாம் 'இவர்கள்' என்று மாற்றினார், முடிந்தது. விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டாலும் இவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை, நாளைக்கு நெருப்புப் பிடித்தால் யார் பொறுப்பு, இவர்களை வைத்திருப்பதால் நிறுவனத்துக்கு ஒரு லாபமும் இல்லை, கீழ்த்தளத்தில் காது கேட்கிறவர்களை வைப்பதுதான் பத்திரம் என்று ஒன்றரைப் பக்கம். கடைசியில் 'தங்கள் தாழ்மையுள்ள' என்று போட்டுக் கையெழுத்து. கையெழுத்தின் ஈரம் காய வாயால் ஊதினார். உறையில் போட்டு ஒட்டி முதலாளியம்மாவின் மேஜையில் வைத்தார். திங்கட்கிழமை காலை அவர் வந்து பிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வேறொரு வேலை காத்திருந்தது. பத்து நாள் முன்னதாகவே போதகர் அவரைப் பிடித்திருந்தார்.

"நம்ம சபையில காது கேளாதவங்க குழு ஒரு சைகை நாடகம் போடறாங்க. எஸ்தர் சரித்திரத்துல வர்ற ஆமான் கதை. கேக்கறவங்களுக்கும் புரியணும்ல? யாராவது பக்கத்துல நின்னு கதையை வாசிக்கணும். உங்களை விட்டா வேற யாரு?"

சூப்பர்வைசருக்கு உச்சி குளிர்ந்தது. "நான் ரொம்பச் சாதாரண ஆளுங்க" என்றார்.

"அதனாலதான் கேக்கறேன்" என்றார் போதகர். குளிர்ந்த உச்சி கொஞ்சம் சூடானது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

"ரிகர்சலுக்கு ஒரு நாள் வந்து பாத்துடுங்க. நடிக்கறவங்க உங்களைக் கண்டிப்பா வரச் சொன்னாங்க."

"எதுக்குங்க? அவங்க பாட்டுக்கு நடிக்கட்டும், நான் பாட்டுக்கு வாசிக்கறேன்" என்றார் இவர். யார் நடிக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. வாசிக்கிறவர் தான் என்றானபின் நடிக்கிறவர்கள் யாராயிருந்தால் என்ன?

போதகர் கொடுத்த ஒரு பக்கத்தை வீட்டில் வைத்து நாலு பக்கமாக்கினார். கடைசியில் 'ஆமானின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடங்கள்' என்று தன் கைச்சரக்காக மூன்று பாடங்களும் சேர்த்தார். பெருமையைப் பற்றி இவ்வளவு அழகாக யாரும் எழுதியதில்லை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் ஓரத்தில், சபையைப் பார்த்தபடி மைக். நடிப்பெல்லாம் அவருக்கு முதுகுப் பின்னால். மனைவி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆமான் என்றொரு மனிதன் இருந்தான். அகாஸ்வேரு ராஜாவுக்கு அடுத்த நாற்காலி அவனுடையது. அவன் நடந்துவருவதைப் பாருங்கள்!"

சபை சிரித்தது. முதலில் குழந்தைகள், பிறகு பெரியவர்கள். சூப்பர்வைசருக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருஷ வாசிப்பில் அவருக்கு அழுதவர்கள் உண்டு, தூங்கியவர்கள் உண்டு, சிரித்தவர்கள் இல்லை. நமக்குள் இப்படியும் ஒரு திறமை இருந்திருக்கிறதே என்று நினைத்து, குரலில் இன்னும் கொஞ்சம் மசாலா சேர்த்தார்.

"நெஞ்சை நிமிர்த்துகிறான்! உலகமே தன் காலடியில் என்று நினைக்கிறான்!"

மண்டபம் குலுங்கியது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். மனைவி ரசிக்கிறாளா என்று மூன்றாம் வரிசையைப் பார்த்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். பாவம், கதை அவளை உருக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அரண்மனை வாசலில் அவன் வரும்போது எல்லாரும் எழுந்து வணங்க வேண்டும். அது ராஜ கட்டளை. இதோ ஆமான் வருகிறான்!"

அப்போது மண்டபத்து விளக்குகள் அணைந்தன. எரிந்தன. மறுபடி அணைந்தன. எரிந்தன.

கையிலிருந்த காகிதம் இருண்டு வெளுத்ததில் அவருக்குக் கோபம் வந்தது. எவன் அது என்று திரும்பினார்.

மேடைச் சுவரோரம் சுவிட்சின் மேல் கை வைத்தபடி ஆமான் நின்றிருந்தான். பளபளக்கும் அங்கி. மூக்குக் கண்ணாடி நெற்றியில். விரலில் சாவிக்கொத்து சுழன்றது. மேடையில் ஏழு பேர், ஆஸ்பத்திரி விரிப்பைத் தைக்கிற பாவனையில் குனிந்திருந்தார்கள். ஆறு பேர் நிமிர்ந்து தலையசைத்து வணங்கினார்கள், ஒருவர் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஆமான் பொதுவாக ஒரு தலையசைப்பைத் தானம் செய்துவிட்டு, இடது முழங்கால் வலியை மறைக்கிறவனைப் போல கொஞ்சம் விறைப்பாக நடந்துவந்தான். அந்த முழங்கால் வலி வீட்டில் மனைவிக்குத் தவிர யாருக்கும் தெரியாது என்றல்லவா சூப்பர்வைசர் நினைத்திருந்தார்!

அந்த ஏழும் அவருக்குத் தெரிந்த ஏழு. ஆமான், கட்டிங் மாஸ்டர்.

முதலில் அவருக்கு ஒன்றுமே ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியது. சபை சிரித்தது தன் குரலுக்கு அல்ல. இத்தனை நேரமும் தன் வாயாலேயே தன்னை வருணித்து, மண்டபத்தையே சிரிக்க வைத்திருக்கிறோம். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. காது மடல்கள் கொதித்தன. பக்கவாட்டில் நின்ற போதகர், "வாசிங்க, வாசிங்க" என்று சிரித்த முகத்தோடு கை காட்டினார்.

திரும்பி மைக்கைப் பார்த்தார். வாசிக்காமல் எங்கே போவது? எழுதியது அவர், மீதி மூன்று பக்கம் கையில் இருந்தது.

"ஒருவன் மட்டும்... மொர்தெகாய் மட்டும் வணங்கவில்லை."

"சத்தமா வாசிங்க!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்படி அவரிடம் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை. மைக்கை அவரே வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஆமானுக்குக் கோபம் வந்தது. ஒருவன் மேல் மட்டும் கை வைப்பது அவனுக்கு அற்பமாகத் தெரிந்தது. மொர்தெகாயின் ஜனம் முழுவதையுமே இல்லாமல் செய்ய நினைத்தான். ராஜாவிடம் போனான். இப்படி ஒரு ஜனம் இருக்கிறது, இவர்களை வைத்திருப்பதால் உமக்கு..."

நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த வார்த்தை 'லாபமில்லை.' போன வாரம் இதை எழுதியபோது அவருக்குக் கை வலித்ததே தவிர வேறெங்கும் வலிக்கவில்லை. அதே வார்த்தையை மறுபடி நேற்று மத்தியானமும் எழுதினார். அதுவும் வலிக்கவில்லை. இப்போது முந்நூறு பேருக்கு முன்னால், அது தொண்டையைத் தாண்டி வர மறுத்தது. பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தார். ஆமான் மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, ஈரம் காய வாயால் ஊதினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எட்டுப் பேரும் தங்கள் நாடகம் நன்றாகப் போகிற சந்தோஷத்தில் மின்னினார்கள். அவர்களுக்குக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சூப்பர்வைசர் கையெழுத்தை ஊதுவார் என்பது மட்டும் தெரியும்.

அந்த மின்னும் முகங்களைப் பார்த்தபோதுதான் அவருக்கு உண்மையான வெட்கம் வந்தது. அதுவரை வந்தது மூக்கு உடைபட்ட வெட்கம். இது வேறு. இவர்கள் விளையாட்டுக்குத் தன்னை ஆமானாக்கியிருக்கிறார்கள். தானோ விளையாடவே இல்லை.

எப்படியோ வாசித்தார். ஆமான் மொர்தெகாய்க்காக நட்ட தூக்குமரம், ராஜா அவனையே மொர்தெகாயின் குதிரையைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் நடக்க வைத்தது, கடைசியில் அதே தூக்குமரத்தில் அவனே தொங்கியது, எல்லாம். பிறகு கைச்சரக்கு மூன்று பாடங்கள். இரண்டை விழுங்கிவிட்டார். மூன்றாவதை விழுங்க முடியவில்லை, ஏனென்றால் காகிதத்தின் கடைசி வரி அதுதான், போதகர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருமைக்காரனுடைய பெருமை எல்லாருக்கும் தெரியும், அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது" என்று தன் சொந்த எழுத்தை வாசித்துவிட்டு இறங்கினார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

கூட்டத்தில் கட்டிங் மாஸ்டர் அவரைத் தேடிக்கொண்டு வருவது தெரிந்தது. கை நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாக. சூப்பர்வைசர் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவி வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரேயடியா உக்காந்துட்டா எப்படி? கிண்டல்தானேங்க. எந்தம்பி பண்ணாததா?"

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"சாவியைச் சுத்தினதுமே தெரிஞ்சுது. உங்களுக்குக் கண்ணைக் காட்டினேன், நீங்க எங்க பாத்தீங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஆனா ஒண்ணுங்க. அந்த மனுஷன் உங்களை நிமிர்ந்தே பாக்கறதில்லைன்னு தெனமும் புலம்புவீங்க. முழங்கால் வலி வரைக்கும் பாத்து வெச்சிருக்காரே!"

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கிண்டலுக்காக இல்லை" என்றார் கடைசியில். "நான் ஒரு லெட்டர் எழுதிட்டேன்."

சொன்னார். ஒன்றரைப் பக்கத்தையும் சொன்னார். 'இவர்' என்பதை 'இவர்கள்' என்று மாற்றியது வரை சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது கொஞ்சம் ஆறியிருப்பார். அவள் எழுந்து போய், அவருடைய நாளைய சட்டையை எடுத்துக் கதவுப் பக்கம் மாட்டினாள்.

"காலைல அந்தம்மா வர்றதுக்கு முன்னாடி போயிடுங்க" என்றாள்.

முன்னாடி போக முடியவில்லை. முதலாளியம்மா பயணம் முடிந்து நேராக ஆபீசுக்கே வந்திருந்தார். இவர் கதவைத் தள்ளியபோது அவர் அந்த உறையின் வாயைக் கிழித்து, காகிதத்தைப் பாதி வெளியே இழுத்திருந்தார்.

"அம்மா, அதைப் படிக்காதீங்க."

முதலாளியம்மா நிமிர்ந்தார். "ஏன்?"

"அதுல இருக்கறது பொய்."

"யார் எழுதினது?"

"நான்தான்."

அவர் சூப்பர்வைசரை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டு அவர் கேட்டதில்லை. "எழுதினப்புறம் பொய்னு தெரிஞ்சுதா, எழுதறப்பவே தெரியுமா?"

இதற்கு ஒரு சௌகரியமான பதில் இருந்தது. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எழுதறப்பவே தெரியும்மா" என்றார்.

முதலாளியம்மா காகிதத்தை உறைக்குள் தள்ளி மேஜையின் மேல் அவர் பக்கமாக நகர்த்தினார். "அப்ப இது எங்கிட்ட இருக்க வேண்டாம். எடுத்துட்டுப் போங்க. இனிமே உங்க லெட்டர் எதுவா இருந்தாலும் நான் ரெண்டு தடவை யோசிச்சுத்தான் படிப்பேன்." அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

படியிறங்கும்போது கால் லேசாக இருந்தது. எட்டுப் பேரின் வேலையும் பத்திரம். கடிதம் சட்டைப் பைக்குள். மனைவி வாயைத் திறக்க மாட்டாள். போகிற வழியில் கிழித்துச் சாக்கடையில் போட்டால் அப்படி ஒரு கடிதமே கிடையாது. அவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கே கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்பித்தாகிவிட்டது.

கீழ்த்தளத்துக்குள் நுழைந்தார். கை பழக்கத்தில் சுவிட்ச் பக்கம் போனது. இழுத்துக்கொண்டார். யாரும் நிமிரவில்லை, அவர் வந்ததே யாருக்கும் தெரியாது. முதல் தடவையாக அவர்கள் வேலை செய்வதை நின்று பார்த்தார். ஜன்னலோரம் இருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் ஒரு கையால் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, மறு கையால் அங்கிக்கு நாடா தைத்தாள். கோணல் இல்லாத தையல்.

கட்டிங் மாஸ்டர் கத்தியை நிறுத்தித் துணியைப் புரட்டும்போது அவரைப் பார்த்துவிட்டார். உடனே வேலையை விட்டு வந்தார். முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை, கவலை இருந்தது. கையைப் பிடித்து வெட்டு மேஜைக்கு அழைத்துப்போனார். கருநீலத் துணியில் ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். எட்டுப் பேரும் யோசித்து எழுதியதாக இருக்க வேண்டும். மூன்று விதமான கையெழுத்து அதில் இருந்தது.

'நேற்று நீங்கள் சொல்லாமல் போய்விட்டீர்கள். மனது வருத்தப்பட்டதா? நீங்களே வாசிக்க ஒப்புக்கொண்டதால் உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தோம். எவ்வளவு பெரிய மனது என்று பேசிக்கொண்டோம். தவறாக இருந்தால் எங்களை மன்னியுங்கள்.'

சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பெருந்தன்மையாகச் சிரித்து, கட்டிங் மாஸ்டரின் தோளில் தட்டினால் போதும். எட்டுப் பேரும் ஆயுசுக்கும் அவரை மெச்சுவார்கள். கை தோள் வரைக்கும் உயர்ந்தும்விட்டது. அந்த நேரத்தில் கட்டிங் மாஸ்டர், மன்னிப்புக் கேட்கிறவர்கள் நிற்பதைப் போல, அவர் முன்னால் தலையைக் குனிந்தார்.

எத்தனை வருஷமாக எதிர்பார்த்த தலை அது! குனிந்தேவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. உயர்ந்த கையைக் கீழே இறக்கி, பைக்குள் விட்டு, உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கட்டிங் மாஸ்டர் நின்றபடியே படித்தார். அவர் கண் போன வேகத்திலேயே சூப்பர்வைசரும் கூடவே படிக்க வேண்டியிருந்தது. சத்தமாக வாசித்துச் சமாளிக்க வழியில்லை, இடையில் ஒரு வார்த்தையை விழுங்க வழியில்லை. அந்தப் பெரிய குரல் எதற்கும் உதவவில்லை. முதல் பக்கம் முடிந்தது. காகிதம் திரும்பியது. அரைப் பக்கம். 'தங்கள் தாழ்மையுள்ள' என்ற இடத்தில் கண் கொஞ்ச நேரம் நின்றது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று சூப்பர்வைசர் காத்திருந்தார். வரவில்லை. அந்த முகத்திலிருந்து அவருக்காக வைத்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போய்விட்டது, அவ்வளவுதான்.

கட்டிங் மாஸ்டர் காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்தார். பிறகு துணியின் மேல் குனிந்து, எட்டுப் பேரும் சேர்ந்து எழுதிய வரிகளில், மன்னிப்புக் கேட்ட கடைசி வரியை மட்டும் உள்ளங்கையால் அழித்தார். வெள்ளைப் பொடி அவர் கையில் ஒட்டிக்கொண்டது.

வாசல் பக்கம் நடந்தார். சுவிட்சின் மேல் கை வைத்தார். விளக்குகள் அணைந்தன. எரிந்தன. அணைந்தன. எரிந்தன.

மிஷின்கள் நின்றன. ஏழு பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டர் திரும்பிவந்து கடிதத்தைச் சூப்பர்வைசரின் கையில் வைத்தார். அவரைக் காட்டினார். பிறகு ஏழு பேரையும் காட்டினார். நீங்களே சொல்லுங்கள் என்று அர்த்தம்.

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, அவரும் பார்த்தார்.

சூப்பர்வைசருக்கு ஒரு சைகையும் தெரியாது. 'கடிதம்' தெரியாது, 'பொய்' தெரியாது, 'மன்னியுங்கள்' தெரியாது. காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். அதைத் தன் நெஞ்சில் வைத்து, தானென்று தட்டினார். பிறகு எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டி, வாசலைக் காட்டினார். அதற்குள் ஜன்னலோரப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அவள் கை வாயைப் பொத்தியது.

எட்டு முகங்களும் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பதினோரு வருஷமாக அவர் கேட்டதும் அதுதான். அவரால்தான் தலை நிமிர முடியவில்லை.